கனடா பிரஜையான இலங்கைத் தமிழர் இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் சிறுபான்மையினருக்கு ஏதாவது பலன் உண்டா?

உங்களுக்கு ஊரில் அப்பா வழிக் காணி இருக்கும், கையில் கனடாக் கடவுச்சீட்டு இருக்கும், மனதில் ஓர் உறுத்தலும் இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

பலன் உங்களுக்கு உண்டு. சிறுபான்மைக்கு என்று தனியாக ஒன்றும் இல்லை. 1987இல் வந்த இந்த ஏற்பாடு உரிமையே அல்ல. நீங்கள் வேறு நாட்டுப் பிரஜையானதும் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடுகிறது. திரும்பத் தருவதால் நாட்டுக்கு நன்மை என்று அமைச்சர் கருதினால் தருவார். 2011இல் நிறுத்தினார்கள், 2015இல் மறுபடி தொடங்கினார்கள். நினைத்தபோது நிறுத்தக்கூடியதை எப்படி உரிமை என்பது? வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்கவும் முடியாது. இரட்டைப் பிரஜைகள் நாடாளுமன்றம் போக 2015இல் தடை, 2020இல் நீக்கம், 2022இல் திரும்பவும் தடை.

நான் மலையகத்தான், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வழியில் வந்தவன். தலவாக்கலைப் பக்கம் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன், இப்போது பிரித்தானியப் பிரஜை. விண்ணப்பத்துக்காக எல்லாப் பத்திரத்தையும் அடுக்கிக்கொண்டு போனேன். ஓர் அலுவலகத்தில் உத்தியோகத்தர் என் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் என்ற கூட்டில் விரலை வைத்தார். 'இந்தியத் தமிழர்' என்றிருந்தது. அப்பா எப்போது பிரஜையானார், அத்தாட்சி எங்கே என்றார். எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணனிடம் இதைக் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எனக்குப் பேனா தந்ததே அவர்தான்.

அத்தாட்சி இருந்தது. அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

'பழைய கதை' என்று சிலர் வருவார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், பிரஜையாக வேண்டுமானால் தந்தை இலங்கையில் பிறந்தவர் அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத தோட்டங்களில் யார் எதைக் காட்டுவது? ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்து, ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. எங்கள் பெரியப்பா குடும்பம் தமிழ்நாட்டில் உள்ள கோத்தகிரிக்குப் போனது. இங்கே மிஞ்சியவர்களின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. 2003 அவ்வளவு பழசா?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. தமிழில் எழுதிக் கொடுத்ததற்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. லண்டனில் ஒரு சிங்கள நண்பனைப் பிடித்துத்தான் வாசித்தேன். என்னைவிட அவனுக்குத்தான் கோபம் வந்தது.

சரி, உங்கள் விஷயம். காணி வாங்கும் எண்ணம் இருந்தால் எடுங்கள். 2014ஆம் ஆண்டுக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் வாங்க முடியாது. முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக வருவதற்கு விலக்கு உண்டு, இரட்டைப் பிரஜைக்கும் உண்டு. ஆனால் உங்கள் காணியில் இப்போது வேறு யாராவது இருக்கிறார்கள் என்றால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். பத்து வருடமாகக் காணியைத் தாங்களே அனுபவித்து வருவதைக் காட்டி அவர்கள் உரிமை கோரலாம், அதை எந்தக் கடவுச்சீட்டும் தடுக்காது.