வேலை தேடுகிறீர்களா? கேளுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து. 31 வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அதனால் நம் ஊர்க் கடிதங்களை முதலில் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால், எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மகன் 2013-ல் பி.காம். முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தான். 2016, 2019 இரண்டு தடவையும் ஒழுங்காகப் புதுப்பித்தோம். 2022-ல் மறந்துவிட்டோம். இப்போது இணையத்தில் முயன்றால் ஏற்கவில்லை. இத்தனை வருஷ மூப்பு போய்விட்டதா? வீட்டில் இதனால் தினமும் சண்டை.
- வாசகி, நெல்லிக்குப்பம்

ஆமாம் அம்மா, பழைய மூப்பு, அதாவது முதலில் பதிந்தவருக்கு முதலில் என்கிற வரிசை, போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் புதிதாகத்தான் பதிய வேண்டும். எப்போதாவது அரசு சலுகை ஆணை போடும். 2021-ல் அப்படி ஒன்று வந்தது. 2017, 2018, 2019 ஆண்டுகளில் தவறவிட்டவர்களுக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். இனியும் வரலாம். ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இனி சண்டை விஷயம். கணினி வருவதற்கு முன்னால் எங்களிடம் ஆளுக்கு ஓர் அட்டை இருக்கும். எக்ஸ்-1 என்போம். இரும்பு டிராயர்களில் தொழில் குறியீட்டு எண்படி அடுக்கியிருப்போம். ஓர் அலுவலகம் ஆள் கேட்டு எழுதினால் அந்த டிராயரை இழுத்து, மூப்பும் இனச்சுழற்சியும் (இட ஒதுக்கீட்டு வரிசை) பார்த்துப் பெயர்களை எடுத்து அனுப்புவோம். பண்ருட்டியிலிருந்து ஒருவர் வருஷம் தவறாமல் வருவார். தன் அட்டை இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் வருவார். எடுத்துக் காட்டுவேன். வாங்கிக்கொள்ள மாட்டார், விளிம்பை விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டு, "சரிம்மா, இருக்கு" என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். அவருக்கு அழைப்புக் கடிதம் போகவே இல்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்புகிற பட்டியலோடு நிறுத்தக் கூடாது, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மற்றவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு மூப்பின் பலம் குறைந்துகொண்டேதான் வந்தது. இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் போன்ற வேலைக்கெல்லாம் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுத வேண்டும். அதற்கு வேலைவாய்ப்புப் பதிவு இருந்தே ஆக வேண்டும் என்பது இல்லை. ஆகவே உங்கள் மகன் தொலைத்தது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய சொத்து இல்லை அம்மா. அவன்மேல் கோபப்படாதீர்கள்.

புதிதாகப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய், "தன்னார்வப் பயிலும் வட்டம் எந்த அறையில் நடக்கிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். தேர்வாணையத் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு அங்கேயே நடக்கிறது, புத்தகமும் இருக்கிறது. வெளியே ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். உள்ளே இப்படி ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இதுதான். அந்தக் கட்டடத்தை நம் ஊர் வெறும் பதிவுக் கட்டடமாகவே நினைத்துவிட்டது. பெயரே எப்போதோ வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று மாறியாயிற்று.

பி.ஏ. படித்துப் பதிந்து ஏழு வருஷம் ஆகிறது. வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை உண்டு என்கிறார்கள். வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறேன். கேட்டால் அசிங்கமாக நினைப்பார்களோ?
- வாசகி, குறிஞ்சிப்பாடி

இதில் அசிங்கம் எங்கே இருக்கிறது தங்கச்சி? அரசே ஆணை போட்டுக் கொடுக்கிற பணம். பத்தாம் வகுப்பு தவறியவர்களுக்கு மாதம் 200, தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூ என்றால் 400, பட்டப்படிப்பு என்றால் 600 ரூபாய். மூன்று வருஷத்துக்குக் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வங்கிக் கணக்கில் ஏறும். பதிந்து ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். புதுப்பித்தல் விட்டுப்போயிருக்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40-க்குள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 45-க்குள். பொறியியல், மருத்துவம், சட்டம் மாதிரித் தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. தினமும் கல்லூரி போய்ப் படிப்பவர்களுக்கும் கிடையாது. அஞ்சல் வழியில் படித்தால் தடையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு: பதிந்து ஒரு வருஷம் ஆனால் போதும், தொகை 600-லிருந்து 1,000 வரை, பத்து வருஷம் கிடைக்கும்.

தையல் வருமானத்தை மறைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், தகுதி உண்டா இல்லையா என்பதை அவர்கள் சொல்லட்டும். இந்தப் பணம் வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. அது உண்மை இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். பலருக்குப் பணம் நின்றுபோவது இதை மறப்பதால்தான். பீரோ கதவின் உள்பக்கம் தேதியை எழுதி ஒட்டிவையுங்கள்.

அப்புறம், அந்தத் தையல் மெஷின். எனக்கு அதன்மேல்தான் அதிக நம்பிக்கை. இந்தியன் வங்கி நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் கடலூரிலேயே இருக்கிறது. பயிற்சி இலவசம், சாப்பாடு இலவசம், தூரத்தில் இருந்து வருபவர்களுக்குத் தங்குமிடமும் இலவசம். ஜாக்கெட் தைக்கத் தெரிந்த கைக்கு அங்கே வெட்டும் அளவும் செம்மையாகும், கணக்கு எழுதவும் சொல்லித் தருவார்கள். முடித்த பிறகும் இரண்டு வருஷம் தொடர்பில் இருந்து, வங்கிக் கடன் வரை கூட நிற்பார்கள். தகுதி உண்டு என்றால் 600 ரூபாயையும் வாங்குங்கள், அங்கேயும் போங்கள்.

எங்கள் ஊர் பாகூர். புதுச்சேரி நகரத்தைவிடக் கடலூர்தான் எங்களுக்குப் பக்கம். கடலூரில் பதியலாமா?
- வாசகர், பாகூர்

பதிய முடியாது தம்பி. நீங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசம். அங்கே தொழிலாளர் துறையின் கீழ் இருக்கிற வேலைவாய்ப்பகத்தில்தான் பதிய வேண்டும். தனியார் வேலைக்கு இந்த எல்லை குறுக்கே வராது. கடலூர் சிப்காட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்றால் தாராளமாகப் போய்க் கேளுங்கள்.

குவைத்தில் ஹெல்பர் வேலை, ஒரு லட்சத்து எண்பதாயிரம் கொடு, முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். ஒன்பதாவது வரை படித்திருக்கிறேன். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார்.
- வாசகர், சிதம்பரம் அருகே

வைக்க வேண்டாம். இந்தப் பத்திரிகை கைக்கு வருகிற அன்றே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

என் தங்கை மகன் 2009-ல் இதே மாதிரி போனான். கையில் ஒரு வேலைக் கடிதம் கொடுத்திருந்தார்கள், ஜெராக்ஸ். நான் வாங்கிப் பார்த்தேன். மேலே அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து, கீழே முத்திரையில் வேறோர் எழுத்து. தங்கையிடம் சொன்னேன். "உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்" என்றாள். ஐந்து பவுன் போயிற்று. பிள்ளை நாலு மாதத்தில் உடம்பு இளைத்துத் திரும்பி வந்தான். பணம் வாங்கிய ஆள் ஊரிலேயே இல்லை. அன்றைக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அந்த எண்ணத்தில்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று வாயைத் திறந்தபோதே அவர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டார். நீங்கள் பத்தாவது தேறாததால் குவைத் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். விசிட் விசா வழியைக் காட்டுவதே இந்த அனுமதியைச் சுற்றிக்கொண்டு போகத்தான். அங்கே இறங்கியபின் கேட்க நாதி இருக்காது.

உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. தமிழக அரசே 1978-லிருந்து அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்று நடத்துகிறது. அதில் பெயர் பதிந்துவையுங்கள். தனித்தேர்வராகப் பத்தாவதையும் எழுதிவிடுங்கள். தேறிவிட்டால் அந்த அனுமதி வாங்குகிற அலைச்சலே இல்லை.

ஐ.டி.ஐ. பிட்டர் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். அப்ரண்டிஸ் போனால் ஒரு வருஷம் வீண் என்கிறார் அப்பா.
- வாசகர், விருத்தாசலம்

வீண் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 1961-ம் வருஷச் சட்டப்படி நடக்கிற பயிற்சி அது. உதவித்தொகை உண்டு, முடிவில் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் உண்டு. ரயில்வேயில் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் இந்தப் பயிற்சி முடித்தவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். உங்களுக்கு நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது. என்.எல்.சி. அறிவிப்பு வரும்போது விட்டுவிடாதீர்கள்.

கணவர் இறந்து மூன்று வருஷம். வயது 38, பிளஸ் டூ. வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனால் எல்லாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கிறார்கள். நுழையவே கூச்சமாக இருக்கிறது. போன தடவை கேட் வரை வந்து திரும்பிவிட்டேன்.
- வாசகி, கடலூர் முதுநகர்

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா.

முதலில் ஒரு வேலை. இ-சேவை மையம் வழியாக ஆதரவற்ற விதவைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். அதை உங்கள் வேலைவாய்ப்புப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். முன்னுரிமைப் பட்டியலில் வருவீர்கள், வயதிலும் தளர்வு உண்டு. சாதாரண விதவைச் சான்று வேறு, இது வேறு. தவறான சான்றோடு வந்து திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முகாமுக்கு வருவோம். பெரிய கல்லூரி மைதானத்தில் நடக்கிற முகாமுக்கு இப்போது போக வேண்டாம். மாதா மாதம் மாவட்ட மையத்திலேயே சின்னதாக ஒரு தனியார் துறை முகாம் நடக்கும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. அதற்குப் போங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அந்த நேரத்தில் ஆள் எடுக்க வந்திருக்கும் கம்பெனிக்காரர்கள் மேசை விரிப்பைச் சரிசெய்துகொண்டு சும்மா இருப்பார்கள், நின்று பேசலாம். பதினொரு மணிக்கு மேல் வரிசை கட்டிவிடும்; பெயரைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் எழுதுவார்கள்.

பலகையில் 18,000 சம்பளம் என்று போட்டிருக்கும். அதை மட்டும் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம் பிடிப்பார்கள். அது உங்களுக்கு நல்லதுதான், பிடிக்காத இடம்தான் மோசம். ஆனால் கேன்டீன், பஸ், விடுதி என்று பிடிப்பதற்கு எழுத்தில் கணக்குக் கேளுங்கள். சம்பளம் போடுவது அந்தக் கம்பெனியா, நடுவில் ஒரு கான்ட்ராக்டரா என்பதையும் கேளுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலிருந்து வருபவர்கள் சின்ன வயதுப் பிள்ளைகளைத்தான் தேடுவார்கள், அவர்களிடம் நேரத்தைச் செலவிட வேண்டாம். உள்ளூர் மருத்துவமனை, ஜவுளிக்கடை, பள்ளி அலுவலகம் இவர்களுக்கு உங்கள் வயதுப் பெண்கள்தான் வேண்டும். நிலைத்து வேலை செய்வார்கள், சொல்லாமல் வேலையை விட்டுப் போக மாட்டார்கள் என்று அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சான்றிதழ்களின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் மூன்று செட், புகைப்படம் நாலு, ஆதார், ஒரு பேனா. பேனாவை மறந்துவிட்டு அடுத்தவரிடம் இரவல் கேட்கிற அந்த நிமிஷத்தில்தான் கூச்சம் வந்து தொண்டையில் நிற்கும். முதுநகரில் என் பழைய சக ஊழியர் ஒருவர் இருக்கிறார், அவரும் ஓய்வு பெற்றவர். உங்களோடு கேட்டுக்கு உள்ளே வரை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சம்மதம் என்றால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.