ஐ7 ஸ்டிக்கரா, 16 ஜிபி ராமா?

கேள்வி: மகள் பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். கடையில் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு லேப்டாப்களைக் காட்டினார்கள். ஒன்று இன்டெல் ஐ7 1355யு, 8 ஜிபி ராம். மற்றொன்று ஐ5 1335யு, 16 ஜிபி. ஐ7தான் நாலைந்து வருடம் தாங்கும் என்கிறார் விற்பனையாளர். எதை வாங்கலாம்?

பதில்: ஐ5-ஐ வாங்குங்கள்.

இந்த இரண்டு பிராசசர்களும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் 10 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்): வேகத்துக்கு 2, சிக்கனத்துக்கு 8. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகமும் இரண்டிலும் 12 எம்பி. உச்ச வேகம் ஐ5-இல் 4.6 கிகாஹெர்ட்ஸ், ஐ7-இல் 5. மெல்லிய லேப்டாப்பில் அந்த உச்சமும் கொஞ்ச நேரக் கூத்துதான், சூடேறியதும் இறங்கிவிடும். எக்செல்லிலோ டேலியிலோ உங்கள் மகளுக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. 8 ஜிபியின் நெருக்கடி நன்றாகவே தெரியும். ஆன்லைன் வகுப்பு ஓடும்போது பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்தால் தற்காலிக நினைவகமான ராம் நிரம்பி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிடம் இடம் கடன் கேட்கத் தொடங்கும். வேகம் அங்கேதான் படுத்துவிடும்.

‘ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்பார்கள். பல மெல்லிய மாடல்களில் அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அளவுதான் கடைசிவரை. கடையிலேயே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். ராம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்று பெரும்பாலும் காட்டும். 16 ஜிபி, இரண்டு எட்டுகளாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தச் சிப்பின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ், இரட்டைச் சேனல் (இரண்டு பாதையில் தரவு அனுப்பும்) ராம் இருந்தால்தான் முழுத்திறனில் இயங்கும்.

பிராசசர் எண்ணின் கடைசியில் ‘யு’ எழுத்து இருந்தால் அடிப்படை மின்தேவை 15 வாட். ‘எச்’ என்று இருந்தால் 45 வாட். சலுகை விலையில் ‘எச்’ கிடைக்கிறது என்று மயங்கினால், கனமான சார்ஜரையும் மகள் தினமும் கல்லூரிக்குச் சுமக்க வேண்டியிருக்கும்.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் போனால் இன்னொரு கண்ணி. ரைசன் 5 7520யு, 7530யு இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். மூன்றாவது இலக்கத்தைக் கவனியுங்கள். 2 என்றால் 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 3 என்றால் அதற்கடுத்த ஜென் 3. முன்னதில் 4 கோர், பின்னதில் 6. (வாங்குபவர் குழம்பட்டும் என்றே பெயர் வைத்தார்களோ என்னவோ!)

பில் போடும்போது ‘ஐ5 லேப்டாப்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். 1335யு என்ற முழு எண்ணும் ராம் அளவும் அதில் இருக்கட்டும்.