நாலு பேர்தான் வருகிறோம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் கோத்தோங் ரோயோங் (எல்லோரும் சேர்ந்து செய்யும் துப்புரவுப் பணி) என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினால் எப்போதும் அதே நாலு பேர்தான் துடைப்பத்தோடு நிற்கிறோம். ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஊரே திரண்டு வேலை செய்யுமாமே, அந்த மனசு நமக்கு ஏன் இல்லை?
– வாசகி, செந்தூல்

பதில்: மனசை விடுங்கம்மா. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள், எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்காது, டிமிக்கி கொடுக்கிறவர்கள் அங்கேயும் உண்டு. ருவாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலையில் ‘உமுகண்டா’. 18 முதல் 65 வயது வரை உடம்பு முடிகிறவர்கள் எல்லோரும் வந்து பாதை செப்பனிடுவார்கள், கால்வாய் தோண்டுவார்கள், மண் அரிக்காமல் இருக்க மலைச்சரிவில் படி வெட்டுவார்கள். 2007-ல் இதற்குச் சட்டமே வந்தது, வராதவருக்கு 5,000 பிராங்க் வரை அபராதம். 1970களில் அரசு இதைக் கட்டாயமாக்கியபோது, இது கூலியில்லாத வேலை என்று ஜனங்கள் வெறுத்ததும் உண்டு, அதனால் ரொம்ப உருகவும் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது வேலை முடிந்த பிறகு நடப்பதுதான். அங்கேயே கூடி உட்கார்ந்து அறிவிப்பு, தகராறு எல்லாம் பேசுவார்கள். உங்கள் நோட்டீஸில் ‘அனைவரும் வருக’ என்றுதானே போட்டிருக்கிறது? அதைப் படிக்கிறவர் தன்னைக் கூப்பிட்டதாகவே நினைக்க மாட்டார். மாடி வாரியாக முறை வையுங்கள், வீட்டு எண்ணையும் எழுதுங்கள். முடிந்ததும் தே தாரேக்கோடு லிஃப்ட் பிரச்சினையைப் பேசலாம் என்று கீழே ஒரு வரி சேருங்கள்; பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்று கேட்கக் காத்திருக்கிறவர்கள் கண்டிப்பாக இறங்கி வருவார்கள்.

கேள்வி: தோட்டத்தில் சாவு விழுந்தால் பந்தல் போட ஆள் தேடியதில்லை. இங்கே பிளாட்டில் எதிர்வீட்டுக்காரரே எட்டிப் பார்ப்பதில்லை. இதை மாற்ற முடியுமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தோட்டத்தில் எல்லோரும் ஒரே லயத்தில் (வரிசை வீடுகளில்) இருந்து ஒரே பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனார்கள், யார் வரவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். பிளாட்டில் அது தெரியாது, அதனால் எழுதி வைத்துத்தான் ஆக வேண்டும். எத்தியோப்பியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கிராமத்திலும் சரி, அடிஸ் அபாபா மாதிரி பெரிய நகரத்திலும் சரி, ‘இத்திர்’ என்ற சங்கம் இருக்கும். மாதச் சந்தா, உறுப்பினர் பட்டியல், எழுதிய விதிமுறை எல்லாம் உண்டு. ஒரு வீட்டில் சாவு என்றால் சங்கத்துக் கூடாரம் வந்துவிடும், பெஞ்சு வரும், பெரிய பானைகளும் தட்டுகளும் வரும். குடும்பத்துக்குக் கைச்செலவுக்குப் பணமும் கிடைக்கும். பெண்கள் சமைப்பார்கள், மற்றவர்கள் துக்க வீட்டில் வந்து உட்கார வேண்டும். சந்தா கட்டினால் மட்டும் போதாது, சாவுக்கு வராமல் இருந்தால் பல சங்கங்களில் அபராதம்! வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் துக்க வீட்டில் கூட்டம் நிற்கிறதே.

நீங்கள் சின்னதாக ஆரம்பியுங்கள். உங்கள் புளோக்கில் பத்து வீடு, மாதம் பத்து வெள்ளி, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கூடாரம், வாட்சாப்பில் ஒரு குழு. முதல் சாவுக்கு யார் சமைப்பது, யார் நாற்காலி இறக்குவது என்று இப்போதே பெயர் போட்டு வையுங்கள். அழுகிற வீட்டில் நின்றுகொண்டு இதையெல்லாம் பேச முடியாது.

கேள்வி: எங்கள் குடியிருப்பு நிதி விருந்தில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று மைக்கில் வாசிக்கிறார்கள். பத்து வெள்ளி கொடுத்தவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். இது தேவையா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: தேவையே இல்லை. கென்யாவில் 1963 சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் தலைவர் ஜோமோ கென்யாட்டா ‘ஹராம்பே’ (எல்லோரும் சேர்ந்து இழுப்போம்) என்று அறைகூவல் விட, ஊர்மக்களே பணமும் உழைப்பும் போட்டுப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். அப்புறம் அரசியல்வாதிகள் இதற்காக நிதி திரட்டும் கூட்டங்களிலேயே பெருந்தொகை கொடுத்துப் பேர் வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் 2003-ல் வந்த பொது அதிகாரிகள் நெறிமுறைச் சட்டம், பதவியைக் காட்டி நெருக்கி வசூலிப்பதைத் தடை செய்தது. அடுத்த விருந்தில் உறையில் போடச் சொல்லுங்கள். மைக்கில் மொத்தத் தொகையை மட்டும் வாசிக்கட்டும், செலவுக் கணக்கை மறுவாரம் சுவரில் ஒட்டட்டும். மைக் பிடிக்கிறவருக்குத்தான் வருத்தமாக இருக்கும்.