ஒன்பது கிலோமீட்டர் வாசித்துக்கொண்டே நடக்க முடியுமா? ரோஸ் பரேடுக்குப் போகும் பேண்ட் பிள்ளைகளுக்கு

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். புத்தாண்டு அன்று கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் நடக்கும் ரோஸ் பரேடு என்ற மலர் அணிவகுப்புக்கு அவர்கள் பேண்ட் தேர்வாகியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் துணையாகப் போகும் பெற்றோரில் ஒருத்தியாக நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். கணவரும், கோவையிலிருந்து வந்திருக்கும் மாமியாரும் தனியாக வந்து பார்ப்பார்கள். ஊரில் குடியரசு தின அணிவகுப்பில் பள்ளி பேண்ட் வாசித்ததைப் பார்த்ததோடு சரி, எங்களுக்கு வேறெதுவும் தெரியாது. இவ்வளவு தூரம் வாசித்துக்கொண்டே நடக்க அவளால் முடியுமா? நாங்கள் சைவம். என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: முடியும். பயப்பட வேண்டாம். அன்றைக்குப் பிள்ளைகள் தடுமாறினால் அது பெரும்பாலும் பாட்டு மறந்துபோனதால் இருக்காது. காலில் கொப்புளம், தூக்கமின்மை, தண்ணீர் குடிக்காதது, கழிப்பறைக்குப் போகாதது, இவைதான் காரணமாக இருக்கும். வாசிப்பை பேண்ட் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். மற்றவை பாதிக்கு மேல் உங்கள் கையில் இருக்கின்றன.

முதலில் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பரேடு பாதை 5.5 மைல், அதாவது சுமார் 8.85 கிலோமீட்டர். அணிவகுப்பு நகரும் வேகம் மணிக்கு 2.5 மைல். உங்கள் மகள் மைதானத்தில் பழகிய நடை 5 கெஜத்துக்கு 8 ஸ்டெப், ஒரு ஸ்டெப்புக்கு 22.5 அங்குலம். இந்த அளவில் நடந்தால் நிமிடத்துக்கு 117 ஸ்டெப் வரும். வழக்கமான மார்ச் தாளமும் ஏறக்குறைய அதுதான் என்பதால் நடை அவளுக்குப் புதிதாக இருக்காது. மொத்தம் சுமார் 15,500 ஸ்டெப், எங்கும் நிற்காவிட்டால் 2 மணி 12 நிமிடம். அவ்வளவு நேரமும் ஊத வேண்டியதில்லை. ஒரு பாட்டு, பிறகு டிரம் மட்டும், மறுபடி பாட்டு என்று மாறி மாறிப் போகும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நவம்பரில் போட்டிக் காலம் முடிந்ததும் பயிற்சி குறையும். டிசம்பர் கடைசியில் பள்ளிக்கு விடுமுறை. கால் பலம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பிள்ளைகள் சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எட்டு வாரங்களுக்கு முன்பே வார இறுதி நடையைத் தொடங்குங்கள். முதல் வாரம் 2 மைல், பிறகு வாரத்துக்கு அரை முதல் முக்கால் மைல் கூட்டுங்கள். பரேடுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருமுறை முழு 5.5 மைலையும் நடந்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடலாம். பூங்காவின் மண் பாதை வேண்டாம், தார்ச்சாலையிலேயே நடக்கட்டும். முக்கியமாக, பரேடில் போடப்போகும் அதே மார்ச்சிங் ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அந்த ஷூவின் அடிப்பகுதி மெல்லியது. குதிகாலை முதலில் ஊன்றிப் பாதத்தை உருட்டி வைக்கும் நடைக்காக அப்படிச் செய்கிறார்கள். ஓட்டப் பயிற்சி ஷூவில் பத்து மைல் நடந்து பழகியவளுக்கும் இதில் மூன்றாவது மைலில் கொப்புளம் வரலாம்.

பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துத் தோலை உரிக்கும். செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளியில், கெண்டைக்கால் வரை ஏறும் கறுப்பு சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள். குட்டை சாக்ஸ் போட்டால் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கணுக்கால் பளிச்சென்று தெரியும், வரிசையே கெட்டுவிடும். எந்த இடம் சிவக்கிறது என்பதைப் பயிற்சி நடையிலேயே கண்டுபிடித்து, பரேடு அன்று காலை அங்கே முன்கூட்டியே பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். நடுவழியில் ஒதுங்கி ஷூவைக் கழற்ற முடியாது.

மகளிடம் இருப்பது மரக் கிளாரினெட் என்றால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜனவரி விடியலில் பாசடீனா நல்ல குளிராக இருக்கும். வெளியே மரம் குளிர்ந்து சுருங்கியிருக்கும்போது உள்ளே வெதுவெதுப்பான மூச்சுக் காற்று பட்டால் உட்புறம் மட்டும் விரியும், மரம் வெடித்துவிடும். பள்ளியில் பிளாஸ்டிக் கிளாரினெட் கேட்டு வாங்கி, அதிலேயே ஒரு மாதம் பழகட்டும். ரீடும் (ஊதும் முனையில் அதிரும் மெல்லிய பட்டை) செயற்கை ரீடாக இருப்பது நல்லது. நாணல் ரீட் அரைமணி நேரம் காத்திருந்தாலே காய்ந்துபோகும், முனை பட்டென்று சிதையும். எந்த ரீடாக இருந்தாலும் நான்கு எடுத்துக்கொள்ளட்டும். காத்திருக்கும் நேரமெல்லாம் மௌத்பீஸுக்கு, அதாவது வாயில் வைக்கும் முனைக்கு, மூடி போட்டே இருக்கட்டும். வலது கட்டைவிரல்தான் வாத்தியத்தின் எடையை முழுக்கத் தாங்குகிறது, அங்கே ஒரு ரப்பர் மெத்தை போட்டுக்கொடுங்கள்.

குளிரில் சுருதியும் இறங்கும். காற்று ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் குளிரும்போதும் அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு அளவுக்கு இறங்கும் என்பது கணக்கு. மூச்சுச் சூடு அதில் ஒரு பகுதியைச் சரிக்கட்டும். ஆகவே இருட்டில் வந்து நின்றதும் சுருதி சேர்க்க அவசரப்படக் கூடாது. எல்லாத் துளைகளையும் மூடிக்கொண்டு, ஒலி வராமல் சில நிமிடம் வெதுவெதுப்பான காற்றை ஊதி வாத்தியத்தைச் சூடாக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும்.

பெரிய வாத்தியங்களும் சீருடைகளும் பெரும்பாலும் லாரியில் போகும். அமெரிக்க விதிப்படி சரக்கு லாரி ஓட்டுநர் ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஹியூஸ்டன் பக்கத்திலிருந்து என்றால் ஒற்றை ஓட்டுநருக்கு மூன்று நாள் வேண்டும். எனவே பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்பே வாத்தியங்கள் கிளம்பிவிடும். கிளாரினெட்டை விமானத்தில் கையோடு கொண்டுபோகலாம். ஏறும் நேரத்தில் இருக்கைக்கு மேலுள்ள பெட்டி அறையில் இடம் இருந்தால் சிறிய வாத்தியத்தை விமான நிறுவனம் அனுமதிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். இடம் தீர்ந்துவிட்டால் அந்த உரிமை இல்லை, அதனால் வரிசையில் முந்தி நிற்கட்டும். ஷூ, சாக்ஸ், கையுறை இரண்டு ஜோடி, மௌத்பீஸ், ரீட், அன்றாட மாத்திரை ஆகியவற்றைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். பெட்டி தொலைந்தாலும் அவள் நடக்க முடிய வேண்டும்.

மருந்து விஷயத்தில் பள்ளி கண்டிப்பாக இருக்கும். மருந்துக்கடை லேபிள் ஒட்டிய மூலக்குப்பியோடு, கையெழுத்திட்ட படிவமும் தேவை. இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் பேருந்துப் பையில் கிடக்கக் கூடாது. பிள்ளையிடமோ கூட நடப்பவரிடமோ இருக்க வேண்டும்.

டெக்சஸின் பெரும்பகுதி பாசடீனாவைவிட இரண்டு மணி நேரம் முந்தியது. இது உங்களுக்கு வரம், கெடுத்துக்கொள்ளாதீர்கள். பரேடு காலை 8 மணிக்குத் தொடங்கும். பிள்ளைகள் எழுந்திருக்க வேண்டியது அங்கே அதிகாலை 2 அல்லது 3 மணிக்கு. டெக்சஸ் கடிகாரத்தில் அது 4, 5 மணி. உடம்பு டெக்சஸ் நேரத்திலேயே இருக்கட்டும். டிசம்பர் 31 அன்று பாசடீனா நேரம் மாலை 7 மணிக்கு விளக்கை அணைத்தால் வீட்டில் 9 மணிக்குப் படுத்த மாதிரி. அன்று புத்தாண்டு இரவு, பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள். அறைக் கதவில் டேப் ஒட்டிவைப்பது பல பேண்டுகளில் வழக்கம், திறந்தால் காலையில் தெரிந்துவிடும். முந்தின நாள் முழுக்க கேளிக்கைப் பூங்காவில் சுற்றும் திட்டம் இருந்தால் பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் எதிர்த்துப் பேசுங்கள். அதைப் பரேடுக்கு அடுத்த நாளுக்கு மாற்றலாம்.

சாப்பாட்டுக்கு, ‘சைவம்’ என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் நான்கு நாளும் சீஸ் பீட்சாதான் வரும். முட்டை ஆகுமா, கோழி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப்பும் சாதமும் ஆகாது, ஜெலட்டின் ஆகாது என்று வரி வரியாக எழுதி, ஒரு மாதம் முன்பே கொடுங்கள். புளியோதரை எடுத்துப்போகலாம், முந்தின நாள் மதியத்துக்கு அருமையாக இருக்கும். பரேடு அன்று காலை மட்டும் புளியும் காரமும் வேண்டாம். தாகமும் எரிச்சலும் கூடும். ரொட்டி, வாழைப்பழம், கடலை வெண்ணெய் போதும். கடலைக்குப் பேருந்தில் தடை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை முந்தின நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். காலையில் ஒரேயடியாகக் குடித்தால் பாதி வழியில் அவஸ்தை.

அதிலும் பேண்ட் சீருடையின் கால்சட்டை தோளில் மாட்டும் பட்டையோடு மார்பு வரை வரும். மேலே கோட்டு. ஒருமுறை கழிப்பறைக்குப் போக எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், நூறு பிள்ளைகள் வரிசையில் நின்றால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கோட்டின் ஜிப்பை ஏற்றும் முன்பே ஒவ்வொரு வரிசையாக அனுப்பிவையுங்கள். மாதவிடாய் நாள் என்றால் கிளம்பும் முன் கடைசியாக மாற்றிக்கொள்ள இடமும் நேரமும் கேட்டுக் கொடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பார்கள், நீங்களே கேளுங்கள்.

முடியை மறந்துவிடாதீர்கள். உயரமான பேண்ட் தொப்பிக்குள் முடி முழுக்க அடங்க வேண்டும். நீளமான முடியைக் கொண்டையாகப் போட்டால் தொப்பி பின்னாலிருந்து தூக்கிக்கொள்ளும். இரட்டைச் சடை பின்னி, உச்சியை ஒட்டித் தட்டையாகச் சுற்றிக் கொண்டை ஊசி குத்துங்கள். வீட்டில் தொப்பி போட்டு ஒருமுறை குதித்துப் பார்க்கட்டும். மூக்குத்தி, வளையல், கம்மல் பெரும்பாலும் கூடாது.

காத்திருக்கும் இடத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது குளிர். தூக்கிப்போட்டாலும் பரவாயில்லை என்கிற பழைய ஸ்வெட்டர் ஒன்றை மேலே போட்டுக்கொண்டு நிற்கட்டும், நகரும் முன் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது மயக்கம். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நின்றால் கெண்டைக்கால் தசை அசையாமல் ரத்தம் காலிலேயே தேங்கும், பிள்ளை சட்டென்று சாய்ந்துவிடும். முழங்காலைத் தளர்த்தி, ஷூவுக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். உதடு வெளுத்து, நெற்றி வியர்த்தால் அந்த நிமிடமே தரையில் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். வரிசை கலைந்தால் கலையட்டும்.

பாதை ஆரஞ்சு குரோவ் பூல்வார்டில் வடக்கு நோக்கித் தொடங்கி, கொலராடோ பூல்வார்டில் வலப்பக்கம் திரும்பும். தொலைக்காட்சிக் கேமராக்கள் குவிந்திருப்பது அந்த முனையில்தான். செங்கோணத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கும். உள்ளோரத்தில் இருப்பவர்கள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கால் மாற்ற, வெளியோரத்தில் இருப்பவர்கள் நீண்ட ஸ்டெப் வைக்க வேண்டும். மகள் வெளியோரம் என்றால் பள்ளி வாகன நிறுத்தத்தில் இதைத் தனியாகப் பழக வேண்டும். அதன்பின் கிழக்கு நோக்கி நீண்ட நடை. தாழ்ந்த ஜனவரி வெயில் வலக்கண் பக்கமாக முகத்தில் அடிக்கும், சன்ஸ்கிரீன் அவசியம். குதிரைகளும் அணிவகுப்பில் உண்டு, சாணியும் உண்டு. விலகினால் வரிசை உடையும், மிதித்துக்கொண்டே போக வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். திருப்பத்தைவிடச் சிரமமானது கடைசிப் பகுதி. சியரா மாத்ரே பூல்வார்டில் வடக்கே மலைப் பக்கம் திரும்பும்போது லேசான ஏற்றம் இருக்கும், காலும் உதடும் அப்போது ஓய்ந்திருக்கும். பயிற்சி நடையின் கடைசி அரை மைலை ஏற்றத்தில் அமைத்தால் அது கை கொடுக்கும்.

ஜனவரி 1 ஞாயிறாக வந்தால் பரேடு 2ஆம் தேதி நடக்கும், 2023இல் அப்படித்தான் நடந்தது. பயணச்சீட்டு எடுக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். மழை வந்தாலும் பரேடு நடக்கும், 2006இல் கொட்டும் மழையில் நடந்தது. ஒளி ஊடுருவும் மழைக்கோட்டு பள்ளி தருகிறதா என்று கேளுங்கள்.

கணவரும் அத்தையும் காரில் வருவதைவிட ‘ஏ’ லைன் மெட்ரோ ரயிலில் வந்து மெமோரியல் பார்க் நிலையத்தில் இறங்குவது சுலபம், கொலராடோ பூல்வார்டு நடக்கும் தூரம்தான். இருக்கைச் சீட்டு வாங்கும் முன் மகள் வரிசையின் எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று கேளுங்கள். கிழக்கே போகும்போது இடப்பக்கம் என்றால் வடக்குப் புறமும், வலப்பக்கம் என்றால் தெற்குப் புறமும் உட்கார வேண்டும். தெற்கில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் படம் நன்றாக வரும், ஆனால் கட்டட நிழலில் குளிரும். வடக்கில் கண் கூசும், ஆனாலும் அத்தைக்கு அந்த வெயில் இதமாக இருக்கும். பெஞ்சு சில்லென்றிருக்கும், உட்கார ஒரு தடித்த துண்டும் குளிர் தாங்கும் தொப்பியும் வேண்டும். முந்தின நாட்களில் பாசடீனா சிட்டி காலேஜில் நடக்கும் பேண்ட்ஃபெஸ்டில் (பரேடுக்கு வரும் பேண்டுகள் மைதானத்தில் நடத்தும் நிகழ்ச்சி) உங்கள் பள்ளி இருந்தால் அதற்கும் சீட்டு எடுங்கள். பரேடில் மகள் ஒரு நிமிடத்தில் கடந்துபோய்விடுவாள். அங்கே முழு நிகழ்ச்சியையும் அத்தை ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.