பின்பால் மெஷினுக்குள் நாமே செய்த பொம்மையை எப்படிப் பொருத்துவது?

பழைய பின்பால் மெஷினில் (சரிந்த பலகை மேல் எஃகுப் பந்தைத் தட்டி ஸ்கோர் எடுக்கும், கண்ணாடி மூடிய விளையாட்டு இயந்திரம்), கையால் செய்த சின்னக் கலங்கரை விளக்கத்தை எரியவிட வேண்டும், ஆட்டமும் கெடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் பெயின்டை எடுப்பதற்கு முன் பந்தை நினையுங்கள். 27 மில்லிமீட்டர் விட்டம், 80 கிராம் எடையுள்ள எஃகு உருண்டை அது. சில நேரம் ஆடுதளத்தை விட்டு எகிறிப் பறக்கும்.

அதனால் முதலில் அட்டையில் ஒரு மாதிரி வெட்டி வையுங்கள். மேல் கண்ணாடி இடிக்காமல் சறுக்கி மூடுகிறதா? அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பந்தைக் கையாலேயே சுற்றிலும் உருட்டுங்கள். எங்கேயாவது சிக்கி நின்றால் அந்த இடம் வேண்டாம்.

ஆடுதளப் பலகையில் துளை போடாதீர்கள். பிளாஸ்டிக் தகடுகளைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றி, அதனடியில் சின்ன உலோகப் பட்டையைச் செருகி முடுக்கினால் போதும், வேண்டாம் என்றால் சுவடில்லாமல் எடுத்துவிடலாம். நான் முதலில் இரட்டைப் பக்க டேப்பை நம்பினேன். பக்கத்து பல்பின் சூட்டில் பசை இளகி, நல்ல ஸ்கோர் ஏறும் நேரத்தில் பொம்மை குப்புற விழுந்தது!

மின்சாரத்துக்கு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். பல பழைய மெஷின்களில் பொது விளக்குகளுக்கு 6.3 வோல்ட் மாறுமின்சாரம் வரும், மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த பல்பு சாக்கெட்டிலிருந்தே எடுக்கலாம். எல்இடியை நேரடியாக இணைத்தால் கருகிவிடலாம், மாறுமின்சாரத்தில் நடுங்கியும் எரியும். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதைச் சீராக்கும் கெபாசிட்டர், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 330 ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் ஒளி நிலைக்கும். ஃபிளிப்பர் காயில் (பந்தைத் தட்டும் கைகளை இயக்கும் கம்பிச்சுருள்) வயர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். 1990களின் மெஷின்களில் அங்கே 50 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும்.