மூன்று கிழமை விடுமுறையும் பன்னிரண்டு வீட்டு விருந்தும்

அன்புத் தங்கைக்கு,

கனடாவுக்குப் படிக்க வந்து, வேலையிலும் சேர்ந்த பின், வரும் ஆகஸ்டில் முதன்முறையாக யாழ்ப்பாணம் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கும் மூன்று கிழமைக்குள் பன்னிரண்டு வீடுகளில் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள், எல்லா இடத்துக்கும் போவதா, போகாவிட்டால் மனம் நோவார்களா, திரும்பும்போது எதைக் கொண்டுவருவது என்று கேட்டிருந்தீர்கள். நீண்ட காலமாக ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு ஊருக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வீட்டுக்கும் போங்கள். ஆனால் நான்கு வீடுகளில் மட்டும் சாப்பிடுங்கள். மற்ற வீடுகளுக்குப் பின்னேரத்தில் போய்த் தேநீரும் பணியாரமும் எடுத்துக்கொண்டு ஆறுதலாக இருந்து கதைத்துவிட்டு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள். மத்தியானம் ஒரு வீடு, இரவு இன்னொரு வீடு என்று ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பசியில்லாமல் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழும்புவதுதான், அழைத்தவர்களுக்கு நாம் போகாமல் விடுவதைவிடப் பெரிய மனவருத்தம். அந்த நான்கு வீடுகள் எவை என்று தெரிவு செய்யும்போது வசதியையும் உறவின் நெருக்கத்தையும் மட்டும் பார்க்காமல், வயதையும் பாருங்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது சமைத்துப் போட இயலாதவர்களாக யார் இருக்கக்கூடுமோ, அவர்கள் வீட்டில் முதலில் சாப்பிடுங்கள்.

ஆகஸ்ட் என்பதால் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் கொடியேறினால், ஆவணி அமாவாசையன்று தீர்த்தம் வரை 25 நாட்கள் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் பல வீடுகளில் மீனும் இறைச்சியும் அடுப்பேறாது. இங்கே பள்ளிக்கூட விடுமுறையும் அதே காலம் என்பதால், கனடாவிலிருந்து போகிற பலர் நண்டுக் கறி நினைவோடு போய்ச் சைவச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் உட்காருகிறார்கள். நீங்கள் அதைக் குறையாக எடுக்காதீர்கள். வாழையிலையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வாழைக்காய்ப் பொரியலும், கடைசியில் பாயசமும் என்று நீளும் அந்தச் சாப்பாடு எங்கள் ஊரின் மிக நல்ல சமையல்களில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். தவிர, பனம்பழம் விழுகிற காலமும் அதுதான். பனங்களியைப் பிசைந்தெடுத்துச் சுடச்சுடப் பொரித்த பனங்காய்ப் பணியாரத்தின் வாசனையை உறைபெட்டியில் வைத்து எந்தக் கடையும் இங்கே கொண்டுவந்து தரமுடியாது. மீனும் இறைச்சியுமுள்ள மச்சச் சாப்பாடுதான் வேண்டுமென்றால் கொடியேறுவதற்கு முந்திய நாட்களிலோ தீர்த்தம் முடிந்த பின்னோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு விமானச்சீட்டு எடுப்பது நல்லது.

சாப்பிடுகிற வீட்டில் விருந்தாளியாக முன்விறாந்தையில் உட்காராதீர்கள். ஒருமுறை என் பெரியம்மா வீட்டில், தேங்காய் திருவித் தருகிறேன் என்று சொல்லித் திருவலையில் போய் உட்கார்ந்தேன். முதலில் அவர் விடவில்லை. பிறகு பாதித் தேங்காயை என் கையில் தந்துவிட்டு இடியப்பம் பிழியத் தொடங்கினார். ஒரு தட்டு அவிந்து இறங்க அடுத்த தட்டை ஏற்றியபடியே, போர்க்கால இடப்பெயர்வின்போது வன்னியில் எதைச் சமைத்தார்கள், யார் யாருக்குப் பங்கிட்டார்கள், எந்த நகை எதற்காக விற்கப்பட்டது என்று, தொலைபேசியில் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். அன்றிரவு சொதியும் சம்பலும் அந்த இடியப்பமும் சாப்பிட்டபோது, நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடியாமல் தான் சாப்பிடமாட்டேன் என்று நின்றவரை, என் பக்கத்தில் இருத்திப் பரிமாறியது என் வாழ்க்கையின் மிகப் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று. சமைப்பவர்களும் உங்களோடு இருந்து சாப்பிடவேண்டும் என்று நீங்கள் வற்புறுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் சொல்லுக்கு அந்த ஒரு விடயத்திலாவது மதிப்பிருக்கும்.

செலவைப் பற்றியும் நினைக்கவேண்டும். 2022 நெருக்கடியில் இலங்கையில் ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை, ஆனாலும் உங்களுக்காகக் கடன்பட்டு நண்டும் இறாலும் வாங்குவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு காசு கொடுத்தால் அவமானப்படுவார்கள். மாறாக, காலையிலேயே மாமாவின் மகனையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு பாசையூர்ச் சந்தைக்கோ பருத்தித்துறைக்கோ போய், எனக்கு மீன் பார்க்க ஆசை என்று சொல்லி நீங்களே வாங்கிக்கொண்டு வந்து கொடுங்கள். அதைத் தடுப்பவர்கள் குறைவு.

கூழ் குடிக்க வாய்ப்பு வந்தால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பை வடித்து ஊற்றி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் அவிகிற பானையில், அரைத்த செத்தல் மிளகாயோடும் பழப்புளியோடும் அந்த மாவைக் கரைத்துவிடுவார்கள். பனையோலையைக் கிண்ணம்போல் மடித்த பிளாவில் வாங்கி முற்றத்தில் வட்டமாக இருந்து குடிக்கும்போது, பேசாமலிருந்த இரண்டு குடும்பங்கள் நண்டுக்காலைக் கைமாற்றிக் கதைக்கத் தொடங்கியதை நான் கண்டிருக்கிறேன். இது ஒரு வீட்டுக்கென்று சமைக்கிற சாப்பாடல்ல. சின்னப் பானையில் காய்ச்சினால் சரிவராது. ஆட்களைக் கூட்டத்தான் வேண்டும். ஆகவே, உங்களை அழைத்த பன்னிரண்டு வீட்டாரையும் ஒரே முற்றத்தில் கூட்டி ஒரு பெரிய பானை காய்ச்சச் சொல்லுங்கள், பொருட்செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். யார் வீட்டில் சாப்பிட்டாள், யார் வீட்டில் சாப்பிடவில்லை என்ற கதை அதோடு அடங்கிவிடும்.

இனித் திரும்பி வருவதைப் பற்றி. ஒடியல் மா, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியல், பனங்கட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை ஆகியவையே நல்ல பயணப் பொதி. கருவாட்டைப் பல உறையிட்டுக் கட்டுங்கள். எதைக் கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் அபராதம். எதற்கு அனுமதியுண்டு என்ற பட்டியலைப் புறப்படுமுன் கனடா எல்லைச் சேவையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவந்ததை உங்கள் அலுமாரியில் வைத்து மாதக்கணக்காகக் காப்பாற்றாதீர்கள் என்று உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். ஊருக்குப் போக முடியாத மனிதர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 2012இல் கனடாவில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்ற ஒருவர், குடியுரிமை கிடைக்கும் முன் தப்பி வந்த நாட்டுக்குப் போனால் அந்த வதிவிடத்தையே இழக்க நேரிடலாம். தாயின் செத்த வீட்டுக்கே போகமுடியாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். நான் ஊரிலிருந்து திரும்பி வந்த கிழமையில் அவரை அழைத்துப் புட்டும் ஊர்த்தூள் போட்ட மீன்குழம்பும் கொடுத்தேன். ருசியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தூளை இடித்தது யார், சட்டியில் வறுத்ததா வெயிலில் காய்ந்ததா, அந்த ஒழுங்கையில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, இரண்டாம் முறையும் புட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பி வந்து தனியறையில் இருக்கும்போது மனம் வெறுமையாகும் என்று பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அது வரும். வந்த முதற் சனிக்கிழமையே அப்படி ஊருக்குப் போக முடியாத நான்கைந்து பேரைக் கூப்பிட்டு ஒரு பானை கூழ் காய்ச்சுங்கள். நண்டும் இறாலும் ஸ்காபரோவில் கிடைக்கும், பலாக்கொட்டையும் முருங்கையிலையும் தமிழ்க் கடைகளின் உறைபெட்டியில் இருக்கும், ஒடியல் மா உங்கள் பொதியில் இருக்கும். சைவம் மட்டும் உண்பவர் யாரென்று அழைக்கும்போதே கேட்டு, அவர்களுக்கு மரக்கறிக் கூழை வேறு பானையில் வையுங்கள்.