குதிரைக்கு மாட்டுத் தீவனம் போடலாமா?

வணக்கம் அண்ணே. கொள்ளு விலை கட்டுப்படியாகவில்லை, காரைக்குடியில் கல்யாண ஊர்வலத்துக்கு விடும் இரண்டு குதிரைகளையும் தவிட்டுக்கும் மாட்டுத் தீவன மூட்டைக்கும் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட்டுத் தீவனம் வேண்டவே வேண்டாம். சில கலவைகளில் மோனென்சின் என்ற மருந்து இருக்கும். மாடு தாங்கும் அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். தவிடு கொஞ்சமாகப் போடலாம். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே நம்பினால் எலும்பு பலவீனமாகிவிடும்.

செலவைக் குறைக்கப் புல்லைத்தான் பிடிக்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்தீவனம் தேவை. 300 கிலோ குதிரைக்கு 4.5 முதல் 6 கிலோ. வேலை இல்லாத நாளில் பெரும்பகுதி காய்ந்த புல்லாகவே இருக்கட்டும். அருகம்புல் அருமையான தீவனம். கடலை பிடுங்கும் சமயத்தில் கொடியை மொத்தமாக வாங்கி, நன்றாகக் காயவைத்து அடுக்குங்கள். பூசணம் பிடித்ததில் ஒரு கைப்பிடிகூடப் போடாதீர்கள், வயிற்றுவலி உயிரையே எடுத்துவிடும். சவுண்டல் தழை மலிவு என்பார்கள். அதைத் தின்றால் பிடரி முடியும் வால் முடியும் கொட்டிப்போகும், தவிர்த்துவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லையே, அப்போது கொள்ளைக் குறைக்கலாம். எதை மாற்றினாலும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

அப்புறம், இலத்தியைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துக் குடற்புழு இருக்கிறதா பாருங்கள். பல்லையும் காட்டுங்கள். இப்போது என்ன அளவு போடுகிறீர்கள் என்று எழுதினால் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.